கிளிஃபர்டுக்கு ஒரு பை

பால் பாத்திரத்தை ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று மூடியிருந்ததைப் பார்த்ததும் ஐவி படுக்கையறை வாசலுக்கு வந்து நின்றாள். கிளிஃபர்ட் பதினோரு வருஷமாக ஈரத்துணியால் துடைத்து, வேறு யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த விளையாட்டுத் தட்டு அது.

"என்னங்க இது?"

"மூடி. சரியா உட்காருது பாரு. அங்கேயே இருக்கட்டும்" என்றார் படுத்தபடியே.

டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. தட்டைத் தூர இருந்து எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்க வேண்டும். தூரத்துக்கு ஒரு தட்டு, கிட்டத்தில் எறிய ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று பதினைந்து வைத்திருந்தார். கூடைகளைக்கூட ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் நின்று வெல்டிங் செய்து வாங்கியவர். அடையாற்றங்கரைத் தோப்பில் ஞாயிறு தவறாமல் ஆட்டம்.

முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனபிறகு, நடக்கலாம், மெதுவாக எறியலாம், குனியாதீர்கள், ஒரு தோளில் பாரம் மாட்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் கேட்டால்தானே? பிப்ரவரியில் பழைய ஒற்றைத் தோள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொரு முறையும் பையைத் தரையில் வைப்பது, குனிவது, தட்டை எடுப்பது. மூன்றாவது கூடைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. கூட விளையாடும் வில்லியம்தான் ஒரு தோளில் பையையும் இன்னொரு தோளில் இவரையும் தாங்கி வீடு சேர்த்தான்.

அன்றோடு சரி. சாந்தோமில் கோவில் மணி கேட்கிற தூரத்தில் வீடு, ஆனாலும் பூசைக்குப் போவதில்லை. சவரம் இல்லை. வருகிறவர்களுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில். இப்படியே படுத்திருந்தால் கால் விழுந்துவிடும், அப்புறம் எழுப்ப யாராலும் முடியாது என்று பிசியோதெரபி பெண் ஐவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை வில்லியம் போன் செய்து, ஞாயிறு ஆட்டத்துக்கு அண்ணனை எப்படியாவது அழைத்து வாங்க அண்ணி, பையை நான் தூக்கறேன் என்றான். அதைச் சொன்னதும் கிளிஃபர்ட் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"என் பையை இன்னொருத்தன் தூக்கினா அது விளையாட்டா? பெட்டியில போகும்போது அடுத்தவன் தோள் எப்படியும் வேணும். அதுவரைக்கும் விடு."

"முதுகு வலிக்காம நீங்களே மாட்டிக்கற மாதிரி பை கிடைச்சா?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "கிடைச்சா பாக்கலாம்" என்றார். நான்கு மாதத்தில் ஐவிக்குக் கிடைத்த ஒரே நம்பிக்கை வார்த்தை அது.

சனிக்கிழமை காலை பதினான்கு தட்டுகளையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு தி.நகர் போனாள். பள்ளிப் பையில் தட்டெல்லாம் அடியில் போய்ச் சரிந்து பின்னால் இழுத்தது. லேப்டாப் பையில் பாதிகூட நுழையவில்லை. மலையேறுகிற பையில் கையை முழங்கைவரை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. ஒரு கடைக்காரர், கேட்டரிங் தட்டா மேடம் என்று விசாரித்தார். நாலாவது கடை வாசலில் நின்றபோது, இன்று கிடைக்காவிட்டால் இனி அந்த மனிதர் எழுந்திருக்கவே மாட்டார் என்று தோன்றியது.

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷஃபியுல்லாவின் கடை. ஜிப் மாற்றுவார், பையும் விற்பார். அவர் சிரிக்கவில்லை. தட்டை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பரணிலிருந்து ஒரு கறுப்புப் பையை இறக்கினார். மேல்பக்கம் அகலமாகத் திறந்தது. உள்ளே இருந்த தடுப்புகளை உருவியதும் பதினான்கு தட்டும் புத்தகம்போல வரிசையாக நின்றன.

"கேமராக்காரங்க பைம்மா. கோடம்பாக்கத்துல ஷூட்டிங்குக்கு எடுத்துக்கினு போவாங்க. வெயிட்டு தோள்ல ஏறக்கூடாது, இடுப்புல உக்காரணும். மாட்டிக்கினு தெருமுனை வரைக்கும் நடந்து பாரு."

ஐவி இடுப்பு வாரைப் பூட்டிக்கொண்டு நடந்தாள். முதுகில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. திரும்பி வரும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்கு, உனக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

"அப்போ அவரைக் கூட்டினு வா. முதுகுக்கு முதுகு பை மாறும். இன்னா உயரம் அவரு?"

கிளிஃபர்ட் ஆறடி. ஐவி ஐந்தடிகூட இல்லை. அழைத்து வா என்றால் எங்கே போவாள்? அவரை வெளியே கொண்டுவரத்தானே இந்தப் பையே. ஆறடி என்று சொன்னால் ஆளைப் பார்க்காமல் கடைக்காரர் பையைக் கொடுக்கமாட்டார்.

"என் உயரம்தான்" என்றாள், மாதம் தவறாமல் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள்.

ஞாயிறு விடிகாலை கிளிஃபர்ட் எழுந்து சவரம் செய்துகொண்டார். ஐவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பையை மாட்டிவிட்டாள். இடுப்பில் நிற்க வேண்டிய வார் அவருக்கு விலா எலும்பில் நின்றது. பாரம் முழுக்கத் தோளைப் பிடித்து இழுத்தது. ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு தானே கழற்றிக் கட்டிலில் வைத்தார். கோபம்கூட இல்லை.

"பரவால்ல ஐவி. நீதான் பாவம், அலைஞ்சிட்ட."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். திட்டியிருந்தால்கூட ஐவி தாங்கியிருப்பாள். இனி ஏறி இறங்கக் கடையும் இல்லை, சொல்லவும் ஒன்றுமில்லை. பையை எடுத்துத் தன் முதுகில் மாட்டி, வாரைப் பூட்டினாள்.

"எங்க போற?"

"விளையாட."

"உனக்கு எறியத் தெரியுமா?"

"தெரியாது. ஆத்துல விழுந்தா விழட்டும்."

"அந்த நீலத் தட்டு இப்போ எங்கேயும் கிடைக்காது ஐவி."

"அப்ப அதைத்தான் முதல்ல எறியணும்."

இரண்டு மாடி இறங்கி வாசலில் வந்து நின்றாள். காலி ஆட்டோ ஒன்று வேகம் குறைத்தது. கை நீட்டவில்லை. அவர் பின்னால் வராவிட்டால் இந்தப் பதினான்கு தட்டோடு எங்கே போய் நிற்பது? மாதாவே, மாதாவே என்று உதடு முணுமுணுத்தது. இரண்டாவது ஆட்டோவும் போனது. மேலே கதவு பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு படி படியாக, நின்று நின்று, செருப்புச் சத்தம்.

தோப்பில் வில்லியம் ஓடிவந்து, குடுங்க அண்ணி என்று பைக்குக் கை நீட்டினான்.

"தொடாத. அவளுக்குத்தான் அது சரியா இருக்கு" என்றார் கிளிஃபர்ட்.

எறியும் இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் அவர் கை தரையைத் தேடிக் கீழே போனது. பாதியில் நின்றது. பையின் வாய் ஐவியின் முதுகில், அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது. குனிய வேண்டியதே இல்லை.

"திரும்பு" என்றார். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. விரல்கள் ஒவ்வொரு தட்டாகத் தள்ளித் தேடுவது அவள் முதுகில் தெரிந்தது. "அசையாத."

எறிந்தார். கூடைக்குப் பத்தடி முன்னால் மரத்தில் மோதி விழுந்தது. ஐவி போய்க் குனிந்து எடுத்தாள். நடந்தார்கள்.

மூன்றாவது கூடைக்குப் பக்கத்தில் அந்த வேப்பமரம் வந்தது. கிளிஃபர்ட் நின்று அதைப் பார்த்தார். அவர் முகம் சுண்டுகிறதா, கை இடுப்புக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே ஐவி திரும்பி நின்றுகொடுத்தாள். அவர் வெகுநேரம் பைக்குள் தேடினார்.

"ஐவி, அந்த ஆரஞ்சு எங்க?"

"பால் மேல."

அவர் வேறொரு தட்டை உருவிக்கொண்டு சொன்னார்.

"அடுத்த வாரம் பாலுக்கு வேற மூடி போடு."