பொன்மணிக்கு வழி மறந்த மார்கழி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கும் பொன்மணிக்கு, ஒரு மார்கழிக் காலையில், அதே ரோட்டில் நின்றுகொண்டு வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை.

அன்றைக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர் ஓட்டம். சுள்ளிக்கல்லில் இருக்கும் வீட்டிலிருந்து விடியுமுன்னே கிளம்பி, தோப்பும்படிப் பழைய பாலத்தில் ஏறி, துறைமுகம் இருக்கும் ஐலண்டைச் சுற்றி வந்து, ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையைத் தொட்டுவிட்டு, பஜார் ரோடு வழியாகத் திரும்ப வேண்டும். கடற்கரை வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காயலிலிருந்து பனி எழும்பிக் கிடந்தது. கொச்சிக்குக் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் மார்கழி விடியலில் காது மடல் சில்லிடும். அவளுக்கு அது பிடிக்கும்.

ரோடு பிரியும் ஓர் இடத்தில் கால் தானாக நின்றது. இடப்பக்கம் ஒரு தெரு. வலப்பக்கம் ஒரு தெரு. இரண்டையும் இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கடைப் பலகைகளில் எழுத்துகள் இருந்தன. அவை எழுத்துகள் என்று தெரிந்தது, வாசிக்க வரவில்லை. யாரையாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். எதைக் கேட்பது? போக வேண்டிய இடத்தின் பெயரே நாக்கில் இல்லை.

அருகில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் படியில் உட்கார்ந்தாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, முதுகுக்குப் பின்னால் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னக்கா, இன்னைக்கு நேரத்தே வந்துட்டீக? சாயா குடிச்சாச்சா?"

சுமை தூக்கும் முத்துவேல். அவன் முகத்தைப் பார்த்ததும் பெயர் வந்தது. பெயரோடு கதவு வந்தது, கதவுக்குள்ளிருந்து சுக்கு வாசனை வந்தது. அவள் உட்கார்ந்திருந்தது அவள் வேலை பார்க்கும் கிடங்கின் படியில். நாள் தவறாமல் ஏறி இறங்கும் படி. அது கூடத் தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"சும்மாதான்டே. ஓடிட்டு வந்தேன், கால் வலிச்சது," என்றாள். எழுந்து அவனுக்கு வழி விட்டாள்.

பொன்மணிக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. சுக்குக் கிடங்கில் பன்னிரண்டு பெண்களுக்கு மேற்பார்வை. நாலு வருஷத்துக்கு முன் சர்க்கரை வந்து, நடக்கச் சொன்னார்கள். நடந்தாள். நடை ஒரு நாள் ஓட்டமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் ஓடும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். அதை நடத்தும் கல்யாணராமன் சார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுக்காரர். அடுத்து வரும் பிப்ரவரியில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியே தீருவது என்று பெயர் கொடுத்திருந்தாள். தினமும் எவ்வளவு ஓட வேண்டும் என்று சார் எழுதிக் கொடுத்த தாள் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு நாள் தவறியதில்லை.

அவளுக்குச் சாவைப் பற்றிப் பயம் கிடையாது. பயமெல்லாம் அக்காவைப் பற்றித்தான். ராஜபாளையத்தில் இருக்கும் பேச்சியம்மாள், இவளைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பூ வாங்கப் போனவளுக்கு வீட்டு வழி மறந்துபோய், மறுநாள் வேறு ஊர் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தார்கள். கடைசியாக இவள் பார்க்கப் போனபோது, அக்கா பாயை விரித்து உட்கார வைத்து, ரொம்ப மரியாதையாக, "உங்களுக்கு எந்த ஊரு தாயி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பொன்மணி ராஜபாளையம் போகவில்லை.

எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் சங்கிலிப்பாண்டியிடம் கூட.

ஓட்டத்தை நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதைவிட, ஓடி முடித்து வழி தவறாமல் வீடு வந்து சேர்ந்தால் அன்றைக்கு ஒரு நாள் தப்பித்தோம் என்று இருந்தது. தெருமுனை திரும்பும்போது, இந்த முனை சுள்ளிக்கல் முனைதானா என்று ஒரு தடவை பார்ப்பாள். தினமும் ஓடிய பாதையில், காட்டுக்குள் போகிறவள் மாதிரி அடையாளம் வைத்துக்கொண்டு ஓடினாள். இது மருந்துக்கடை, இது பள்ளிவாசல், இது மீன் வண்டி நிற்கிற இடம்.

ஓடும்போதே தன்னைச் சோதித்துக்கொள்வாள். கிடங்கில் சுக்குக் குவியலைச் சுற்றி உட்காரும் பன்னிரண்டு பேரை, உட்காரும் வரிசைப்படி சொல்ல வேண்டும். ஓமனா, றம்லத், தங்கம்மா, ஷீபா, சுஹ்றா, லீலா... பன்னிரண்டும் வந்துவிட்டால் மூச்சு சீராகும். ஒன்று விட்டுப்போனால் மறுபடியும் ஓமனாவிலிருந்து தொடங்குவாள்.

முன்கையில் விலாசத்தை எழுதி வைத்துக்கொள்ளும் யோசனையும் வந்தது. முதலில் தமிழில் எழுதினாள். பிறகுதான், இந்த ஊரில் அதை யார் வாசிப்பார்கள் என்று உறைத்தது. மலையாளம் அவளுக்கு வாசிக்க வரும், எழுத வராது. கரண்டு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தாள். மேலே முழுக்கைச் சட்டை.

"தணுப்புக்கா இந்தச் சட்டை?" என்று சங்கிலிப்பாண்டி கேட்டார்.

"ஆமா. குளிர்காத்து ஏறுது."

அவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார்.

வெயில் ஏறியபின் உடம்பில் நீர் வற்றித்தான் தலை கிறுகிறுத்திருக்கும் என்று அவளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. கல்யாணராமன் சாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே ஜலம் குடிச்சுடணும், கேட்டேளா? அதுதான் முக்கியம்," என்றார் அவர்.

அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். கிளம்புமுன் இரண்டு பாட்டில். வழியில் குழாய் கண்ட இடமெல்லாம் நின்று குடித்தாள். வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு. கார்த்திகை மாதம்தான் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, தன் பங்குச் சோற்றிலும் குழம்பிலும் உப்பை அடியோடு நிறுத்திவிட்டாள். விரல்கள் வீங்கின. மோதிரம் கழற்ற வரவில்லை. தினமும் தலைவலி. ஒருநாள் கிடங்கில் ஓமனாவை ஷீபா என்று கூப்பிட்டுவிட்டு, பின்பக்கம் சாக்கு மூட்டைகளுக்கு இடையில் போய் நின்று அழுதாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு கிலோமீட்டர். பயிற்சியிலேயே பெரிய ஓட்டம் அதுதான். கூட்டத்தில் இருபது பேர் கிளம்பினார்கள். பாலம் ஏறும்போதே எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். இவள் எப்போதும் கடைசி. பாலத்தில் பனியும் விளக்கும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஐலண்டில் ஒரு மரத்தடியில் வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கிறது. வாயைக் கொப்பளித்து மறுபடியும் தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் தரை ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் தண்ணீர். அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் யார் யாரோ. எஞ்சின் சத்தம் தலைக்குள் இடித்தது. இது படகு என்று புரியவே நேரமாயிற்று. எப்போது ஏறினாள்? எங்கே போகிறாள்? ஒரு ஆள் எதிரில் நின்று கையை நீட்டி, "சேச்சி, டிக்கெட்?" என்றான். அவன் எதைக் கேட்கிறான் என்று தெரியவில்லை. முழுக்கையை மேலே தள்ளிப் பார்த்தாள். வேர்வையில் எல்லாம் கரைந்து, முன்கை முழுக்க நீலக்கறை. அதில் ஏதோ எழுதியிருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது.

பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். ஓமனா, றம்லத், தங்கம்மா, ஷீபா, சுஹ்றா, லீலா. லீலாவுக்கு அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அதே இடத்தில் நின்றது.

"மாமி, தமிழா நீங்க?"

பக்கத்தில் இருந்த பெண், தலையில் முக்காடு, முப்பது வயதிருக்கும். அன்ஸியா என்று பெயர். எர்ணாகுளத்தில் மருந்துக்கடையில் வேலை என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. "யாரைக் கூப்பிடறீங்க? உங்க வீடு எங்க மாமி?"

பொன்மணி அவளை உற்றுப் பார்த்தாள். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"உங்களுக்கு எந்த ஊரு தாயி?"

தன் வாயிலிருந்து அக்காவின் குரல் வந்ததைத் தன் காதாலேயே கேட்டாள். அந்த ஒரு கணம் எல்லாம் தெளிவாகப் புரிந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் இடது கை தானாக வெட்டி இழுத்தது. தண்ணீர், ஆட்கள், அந்தப் பெண்ணின் முகம், எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கையில் ஊசி, அதிலிருந்து குழாய். ஸ்டூலில் சங்கிலிப்பாண்டி சவரம் செய்யாத தாடையில் நரை முளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். யார் என்று தெரிந்தது. தெரிந்ததும் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். அபிராம் என்று சட்டையில் எழுதியிருந்தது. கோயம்புத்தூரில் படித்தவராம், தமிழ் நன்றாக வந்தது.

"உங்க பேர் சொல்லுங்கம்மா."

"பொன்மணி."

"இன்னைக்கு என்ன கிழமை?"

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி அவளுக்கு உடம்பு விறைத்தது. "ஞாயித்துக்கிழமை."

"செவ்வாய்."

அவள் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். "தெரியும் டாக்டர். எனக்குத் தெரியும். எங்க அக்காவுக்கு வந்த சீக்குதான். மறைச்சு வச்சிருந்தேன்."

"ரெண்டு நாள் ஐசியூல இருந்தா எனக்கே கிழமை தெரியாது. முகத்தைக் காட்டுங்க. உங்க ரத்தத்துல சோடியம் நூத்திப் பதினேழுதான் இருந்தது. நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும். அது இறங்கினா வழி மறக்கும், ஆள் மறக்கும், வலிப்பும் வரும்."

"சோடியம்னா?"

"உப்புதான். நீங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரை உப்பை வெளியே தள்ளுற ஜாதி. வேர்வையிலயும் உப்பு போகுது. சாப்பாட்டுல எவ்வளவு போடுறீங்க?"

"போடுறதே இல்ல."

"ஓடுற அன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

அவள் பாட்டில்களை மனசுக்குள் எண்ணினாள். "ஆறு லிட்டர் இருக்கும்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "இருந்த கொஞ்ச உப்பையும் கரைச்சு விட்டுட்டீங்க."

பொன்மணி அதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாள். அக்காவுக்கு வந்தது இல்லையா? நிச்சயமாக இல்லையா? தலையை ஸ்கேன் எடுத்தீர்களா? எடுத்ததாகவும், அதில் ஒன்றும் இல்லை என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். "இப்ப வந்தது அது இல்ல. பின்னால ஒருநாளும் வராதுன்னு என்னால எழுதித் தர முடியாதும்மா. யாருக்குமே முடியாது. மாத்திரையை மாத்துறேன். உப்பு போட்டுச் சாப்பிடுங்க. தாகம் எடுத்தா மட்டும் குடிங்க."

டாக்டர் போனதும் சங்கிலிப்பாண்டி ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். படகில் அன்ஸியா அவளை மடியில் தாங்கிக்கொண்டதையும், இடுப்புப் பையிலிருந்த போன் அடித்ததையும், ஆளைக் காணோமே என்று கூப்பிட்டவர் கல்யாணராமன் சார் என்பதையும் சொன்னார். சார் விவரம் கேட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் பொன்னு."

"என்ன தெரியும்?"

"உன் கையில விலாசம் எழுதியிருந்தது. தூங்கும்போது பார்த்தேன். கிறிஸ்துமஸ் சமயத்துலயே."

"பார்த்துட்டு ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியே." அவர் போர்வையின் நுனியை நீவினார். "ரெண்டு நாள் சைக்கிள்ல உன் பின்னாலயே வந்தேன். வழி தவறாமத்தான் ஓடுன. சரி, ஒண்ணும் இல்லன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வரல. கூட்டம் இருக்கேன்னு நினைச்சேன்."

பொன்மணி அவரை வைய நினைத்தாள். ஒரே வீட்டில், ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் இருந்திருக்கிறோம் என்று நினைக்க, வைவதற்கு வாய் வரவில்லை. ஊசி குத்தாத கையை அவர் பக்கம் நீட்டினாள்.

பிப்ரவரி ஓட்டம் அவள் இல்லாமல் நடந்தது. கல்யாணராமன் சார் தன் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தார். "அரைகுறையாச் சொல்லிட்டேன், க்ஷமிக்கணும்" என்று நாலு தடவை சொல்லி, உப்பு போட்ட மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்ஸியா ஒரு வெள்ளிக்கிழமை வந்து போனாள். இரண்டு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓடலாம் என்று டாக்டர் சம்மதித்தார்.

அப்போது பங்குனி. பனியெல்லாம் போய், விடியலிலேயே புழுங்கத் தொடங்கியிருந்தது. சங்கிலிப்பாண்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றாள், அவர் கேட்கவில்லை. தோப்பும்படியில் கொஞ்ச நேரம், மெதுவாக மிதித்துப் பின்தங்கிவிட்ட அவருக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது.

பாலத்தின் நடுமேட்டில் ஏறும்போது அது வந்தது. மறதி அல்ல, பயம்தான். காயல் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. கீழே ஒரு படகு எஞ்சின் சத்தத்தோடு போயிற்று. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவரிடம் இதை அவள் சொன்னதே இல்லை.

சங்கிலிப்பாண்டி சைக்கிளை விட்டு இறங்கினார். மேட்டில் மிதித்ததில் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு மட்டும் என்னவாம்," என்றார். "நில்லு. ரெண்டு பேரும் கொஞ்சம் நின்னுட்டுப் போவோம்."

நின்றார்கள். ஐலண்டுப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து கடந்து போனது. பாலம் லேசாக அதிர்ந்து அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அதற்குள் பொன்மணி கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு, இறக்கத்தில் மெதுவாக ஓடத் தொடங்கியிருந்தாள்.