ஆடிக்கும் சேர்த்து

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பது மாங்காட்டில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போட்டோ திருத்துகிற மென்பொருள் விற்கிற கம்பெனிக்கு மட்டும் அது தெரியவில்லை. எழிலரசிக்கும் அந்தக் கம்பெனிக்கும் சண்டை ஆரம்பித்ததே இந்த இடத்தில்தான்.

காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற தெருவில், எலுமிச்சம்பழத் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவளுடைய ஸ்டுடியோ இருந்தது. காலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மற்ற நேரமெல்லாம் கல்யாண ஆல்பம். முன்பெல்லாம் மென்பொருளை ஒரு தடவை வாங்கிப் போட்டால் கம்ப்யூட்டர் மண்டையைப் போடும்வரை ஓடும். புதுக் கேமரா வாங்கிய பிறகு அதன் படங்களைப் பழைய மென்பொருள் திறக்க மாட்டேன் என்றது. புதியதை விலைக்குத் தர மாட்டார்களாம், வாடகைக்குத்தானாம். சரி, ஊரே வாடகையில் ஓடுகிறது, இதுவும் ஓடட்டும் என்று போன வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் கார்டு எண்ணைப் போட்டாள்.

அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. திரையில் 'மாதாமாதம்' என்று பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தாள். அதன் கீழே 'வருஷ ஒப்பந்தம்' என்று எறும்பு அளவில் இருந்ததைப் படிக்கவில்லை. ஊருக்குப் போகும்போது பால்காரரிடம் பத்து நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதில்லையா? அப்படித்தான் ஆடி பிறந்த அன்று நிறுத்தச் சொன்னாள். ஆவணியில் மறுபடி ஆரம்பித்துக்கொள்வதாக எண்ணம்.

நிறுத்தலாமே, என்றது கம்பெனி. மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத் தாராளமாக நிறுத்தலாம்.

அன்றைக்கு அரட்டைப் பெட்டியில் வந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயரோடு எழிலரசி ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றாள். வேலையே இல்லாத மாதத்துக்கு எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்டாள். உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று பதில் வந்தது. சேர்ந்த பதினாலு நாளைக்குள் சொல்லியிருந்தால் ஒரு பைசா பிடிக்காமல் விட்டிருப்போம், இனி வருஷம் முடிகிற ஜனவரி ஒன்பதாம் தேதிக்கு முன்னால் சொல்லுங்கள் என்றும் வந்தது. போவதற்கே காசு கேட்கிறவர்களிடம் என்ன பேசுவது? எழிலரசி நாள்காட்டியின் கடைசித் தாளில் 'ஜனவரி எட்டு' என்று எழுதி, அதன் முனையை மடித்துவைத்தாள். இதைத் தலைமுழுகாமல் அடுத்த பொங்கல் கிடையாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

இந்த வாடகையில் அவளுக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பாபு ஒருவன். ஆவடியில் சர்ச் கல்யாணங்களாக எடுக்கும் அமல்ராஜ் இன்னொருவர். கணக்கு எழிலரசி பெயரில், செலவு மூன்று பங்கு. ஒரே சமயத்தில் இரண்டு கம்ப்யூட்டர்தான் உள்ளே இருக்கலாம் என்பது கம்பெனியின் சட்டம். மூன்றாவது ஆள் நுழைந்தால் இருக்கிறவர்களில் ஒருவரைச் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே தள்ளிவிடும், செய்த வேலையோடு.

அதனால் மூவரும் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். பாபுவுக்கு இடம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரு மிஸ்டு கால். அமல்ராஜுக்கு வேண்டுமென்றால் இரண்டு. உள்ளே இருப்பவர் வேலையைச் சேமித்துவிட்டு, வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழிலரசி மட்டும் யாருக்கும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டியதில்லை. சாவி அவளுடையது. தவக்காலத்தில் அமல்ராஜுக்கு வேலை இருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் மற்ற இருவருக்கும் இருக்காது. இப்படியே இடித்துப் பிடித்து ஒரு வருஷம் ஓடியது.

வருஷ ஒப்பந்தக் கதையைச் சொன்னபோது தீர்மானம் போட்டதே பாபுதான். எறும்பு எழுத்துக் கதையை அவள் விளக்கி முடிப்பதற்குள் கைநீட்டி நிறுத்திவிட்டான்.

"எக்கா, அந்தக் கதையெல்லாம் இன்னாத்துக்கு? ஜனவரி வர்ட்டும். மூணு பேரும் ஒண்ணா வெளிய வந்துர்லாம். ஃப்ரீயா ஒண்ணு கீதுல்ல, அத்த கத்துக்கலாம். பத்து பைசா குடுக்கத் தேவல."

"எனக்கு அம்பத்தாறு வயசாவுது தங்கச்சி," என்றார் அமல்ராஜ். "இனிமே எங்கருந்து கத்துக்கிறது? சரி, நீங்க ரெண்டு பேரும் போனா நானும் வர்றேன்."

அந்த இலவச மென்பொருளை உண்மையாகவே உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் எழிலரசி ஒருத்திதான். ஐப்பசியிலிருந்து, கடையைத் திறந்து கூட்டிப் பெருக்கியதும் ஒரு மணி நேரம். பன்னிரண்டு வருஷமாகப் பழகிய விரல்கள் பழைய இடத்திலேயே போய் அழுத்தின. வெட்ட நினைத்தால் ஒட்டியது, ஒட்ட நினைத்தால் காணாமல் போனது. கோபத்தில் இரண்டு தடவை அழுதே விட்டாள். இருந்தும் விடவில்லை. பழைய ஆல்பப் பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கும் திறக்கக்கூடிய சாதாரணப் படங்களாக மாற்றிவைத்தாள். கண் வீங்கிப்போனது.

ஜனவரி எட்டு. நிறுத்துகிற பொத்தானைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. அழுத்தியதும், ஏன் போகிறீர்கள் என்று கேட்டது. இரண்டு மாதம் இலவசம் என்றது. இதையெல்லாம் இழப்பீர்கள் என்று ஒரு பட்டியல் நீட்டியது. வீட்டை விட்டுக் கிளம்புகிற மருமகளைக்கூட இத்தனை தடவை கூப்பிட மாட்டார்கள். எழிலரசி ஒவ்வொன்றுக்கும் வேண்டாம், வேண்டாம் என்று அழுத்திக்கொண்டே போனாள். கடைசியில், நாளையோடு உங்கள் கணக்கு முடிகிறது என்று மெயில் வந்தது. 'முடிச்சிட்டேன்' என்று மூவர் குழுவில் போட்டாள். அமல்ராஜ் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். பாபுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்க் கடையில் சூடாக நான்கு மிளகாய் பஜ்ஜி வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் தின்றாள். அத்தனை சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் இரண்டு நாள்.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கலைவாணி வந்து நின்றாள். கார்த்திகையில் பூந்தமல்லி மண்டபத்தில் கல்யாணம் ஆன பெண். ஆல்பம் நாற்பது பக்கமும் தயார். பார்த்துச் சரி சொல்வதற்காகப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள் எழிலரசி. சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆல்பம் அச்சடிக்கிற லேபுக்கு அனுப்பிவிட்டால் போகி அன்றைக்கு ஆல்பம் கைக்கு வந்துவிடும்.

"அக்கா, ஒரு பிரச்சினை," என்றாள் கலைவாணி. முகம் வாடியிருந்தது. "செம்பரம்பாக்கத்து மாமா கோச்சிக்கினாரு. நாப்பது பக்கத்துல எம் மூஞ்சி ஒரு ஓரமா, அதுவும் லைட் கம்பத்துக்குப் பின்னாடி பாதிதான் தெரியுதுன்னு ஒரே ஆட்டம். பட்டம் கட்டின தாய்மாமன் நானு, எனக்கு இவ்ளோதான் மரியாதையான்னு கேட்டுட்டு போன ஆஃப் பண்ணிட்டாரு. தலைப்பொங்கலுக்கு வர மாட்டாராம்."

"படத்தப் பொறுக்கிக் குடுத்தது நீதானம்மா?"

"நான்தான்கா. மறந்துட்டேன். அம்மா நேத்துலேருந்து சாப்புடல. ரெண்டாவது பக்கத்துல அவரு பட்டம் கட்றத பெருசா போட்டுக் குடுங்கக்கா. அத்த அவரு போனுக்கு அனுப்பிட்டு, கால்ல உழுந்தாச்சும் கூட்டியாந்துருவோம்."

தாய்மாமன் பரந்தாமன் பட்டம் கட்டுகிற படம் அருமையாகவே இருந்தது. வெற்றிலைபாக்கு வாயோடு, கண் கலங்கி, மருமகள் நெற்றியில் கைவைத்து நிற்கிறார். அதைப் பக்கத்தில் சேர்ப்பதுதான் சிக்கல். சாதாரணப் படமாக மாற்றிவைத்திருந்த பக்கத்தின் மேல் அவரை வைத்துப் பார்த்தாள். காலண்டரில் பாஸ்போர்ட் போட்டோ ஒட்டியது போல் இருந்தது. மாலை தனியாக, மண்டபம் தனியாக, எழுத்து தனியாக அடுக்கி வைத்த மூலக் கோப்பைத் திறந்தால்தான் மாமாவுக்கு நடுவில் இடம் ஒதுக்க முடியும். அதை இலவச மென்பொருளில் திறந்தாள். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோயிருந்தது. மணப்பெண்ணின் தலைக்குப் பின்னாலிருந்த பூ அலங்காரம் முழுக்கக் கறுப்பாகக் கிடந்தது. புதிதாகச் செய்ய இரண்டு நாளாவது வேண்டும்.

பழைய கம்பெனியின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். வாடகை ஏறியிருந்தது. மறுபடி ஒரு வருஷம்; திரும்பி வருகிறவர்களுக்கு அந்தப் பதினாலு நாள் சலுகையும் கிடையாது. செத்தாலும் மாட்டேன் என்று மூடினாள். தான் செய்த பக்கத்தைத் தானே திறக்க முடியவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்று மணிக்குப் பாபுவைக் கூப்பிட்டாள்.

"பாபு, பழைய சாஃப்ட்வேர் சிடி ஏதாச்சும் உன் கடைல கெடக்குதா? ஒரே ஒரு பக்கம் தெறக்கணும்."

"சிடி இன்னாத்துக்குக்கா? ஃபைல அனுப்பு, நானே தெறந்து..." என்றவன் சட்டென்று நிறுத்தினான்.

"எதுல தெறப்ப?"

பாபு குரலைத் தாழ்த்தினான்.

"எக்கா, கோச்சிக்காத. நேத்து எனக்கும் ஒரு மெயில் வந்துச்சு. மொத மூணு மாசம் பாதி ரேட்டுன்னு. தை பொறந்தா நாலு கல்யாணம் கீது, புச்சா கத்துகினு நான் எப்ப முடிக்கிறது? எடுத்துட்டேன். அமலண்ணனும் சேந்துகினாரு. உன்கிட்ட எப்புடி சொல்றதுன்னுதான்..."

எழிலரசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது களைப்புதான். மூன்று மாதமாக ஒரு மணி நேரம், ஒரு மணி நேரமாகத் தான் மட்டும் உட்கார்ந்து அழுததை நினைத்தாள். எதிரே ஸ்டூலில் கலைவாணி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, பாஸ்வேர்டச் சொல்லு."

"எய்திக்க. ரூலு அதேதான்கா. எனக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ரெண்டு. உனக்கு மூணு, சரியா? இப்ப நாங்க ரெண்டு பேரும் உள்ள கீறோம்."

போனை வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக இடம் கேட்டு மிஸ்டு கால் கொடுத்தாள் எழிலரசி. பாபுவுக்கு மூன்று. அமல்ராஜுக்கு மூன்று. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றரை ஆனது. கோயிலிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு திரும்பிய ஒரு பெண் பாஸ்போர்ட் போட்டோவுக்கு எவ்வளவு என்று விசாரித்துவிட்டுப் போனாள். நான்கு மணிக்கு அமல்ராஜின் எண்ணிலிருந்து ஒரு தடவை அடித்து நின்றது.

உள்ளே போனாள். 'வெல்கம் பேக், பாபு' என்றது திரை.

விரல்கள் தாமாகவே ஓடின. மூன்று மாதத்தில் புதிதாகக் கற்றது எதுவும் குறுக்கே வரவில்லை. மண்டபத்தைத் தள்ளி, மாலையை இறக்கி, பரந்தாமனை நடுவில் நிறுத்தி, தலைக்கு மேலே லேசாகப் பூ தூவியதுபோல் செய்தாள். ஐந்தே கால் மணிக்குக் கலைவாணி படத்தை அவருக்கு அனுப்பினாள். இருபது நிமிடம் கழித்து, "அம்மாவ சாப்புடச் சொல்லு" என்று பதில் வந்தது. கலைவாணி அழுதுகொண்டே சிரித்துவிட்டு ஓடினாள். நாற்பது பக்கமும் லேபுக்குப் போய்ச் சேர்ந்தன.

வெளியே வருவதற்கு முன், எதற்கோ கணக்கு விவரத்தைத் திறந்து பார்த்தாள் எழிலரசி. மாதாமாதம் என்று பெரிதாக இருந்தது. அதன் கீழே, எறும்பு அளவில், வருஷ ஒப்பந்தம். தொடங்கிய தேதி: நேற்று.

அமல்ராஜுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பாபு கூப்பிட்டான்.

"முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது."

"கோவம் இல்லியே? இந்தவாட்டி நான் உஷாருக்கா. உன்ன மாரி மாட்டிக்கல. மாசா மாசந்தான் எடுத்துகீறேன். ஆடி பொறந்தா டக்குனு நிறுத்திட்டு, ஆவணில போட்டுக்கலாம். இன்னா சொல்ற?"

பதினாலு நாளில் இன்னும் பன்னிரண்டு பாக்கி இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாபு இன்றைக்கே காசு போகாமல் கழன்றுகொள்வான். கழன்றுகொண்டால் தை, மாசி, பங்குனிக்கு இந்தக் கதவு அவளுக்கும் சாத்திக்கொள்ளும். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம் பாபு," என்றாள்.

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து போய்ப் புது நாள்காட்டியில் ஆடி முதல் தேதியைத் தேடி எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மடித்து அடையாளம் வைக்காமலே விட்டுவிட்டாள்.