மூலை திரும்பும்வரை

நாள் முழுக்கத் தனியாளாகக் கூடவே போய் ஊரைச் சுற்றிக் காட்டுவது சதாயோவின் பிழைப்பு. எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்துவிட்டாள். கியோட்டோவிலேயே பிறந்துவிட்டுக் கியோட்டோவைக் காட்டச் சொல்லும் ஆளை இன்றுதான் பார்க்கிறாள்.

டெய்ஜி தன்னை டோக்கியோக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டார். பேச்சும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவள் வலப்பக்கம் கை காட்டுவதற்குள் மனிதர் இடப்பக்கச் சந்தில் நுழைந்திருந்தார். அதுதான் குறுக்கு வழி. வாய் பொய் சொன்னாலும் கால் சொல்லவில்லை.

அந்தச் சந்தில் ஒரு பெண் வேலைக்குப் போகும் புருஷனைப் பார்த்து, "போயிட்டு சீக்கிரம் வந்துருங்க" என்றாள். இந்த ஊரில் வீட்டு மனுஷருக்கு மட்டும் சொல்கிற வார்த்தை அது. விருந்தாளிக்குச் சொல்வதில்லை, வாடிக்கையாளருக்குச் சொல்லவே மாட்டார்கள். டெய்ஜி நின்றுவிட்டார். கண் கலங்கியதைக் குளிர்காற்றின்மேல் பழி போட்டார்.

மத்தியானம் நூடுல்ஸ் கடையில் சதாயோ பொறுமையிழந்தாள். "ஏங்க டெய்ஜி, சொந்த ஊரைப் பாக்க ஒரு ஆளு வேணுமா?"

மாட்டிக்கொண்டது தெரிந்ததும் அவர் சிரித்தார். "இதே ஊருல, கமிகாமோ பக்கம் ஊறுகாய்க் கடை எங்களது. இப்ப அண்ணன் பாக்கறான். தம்பியா போனா தொரத்திருவான். டூரிஸ்ட்ட எந்தக் கடைக்காரன் தொரத்துவான்?"

"அப்ப நான் எதுக்கு?"

"நீங்க இல்லேன்னா வாசலோட திரும்பிருவேன்."

பிறகு நூடுல்ஸ் ஆறிப்போகிற அளவுக்குப் பேசினார். குளிர்காலத்தில் டர்னிப் கிழங்கைத் தொட்டியில் போட்டு, நீளமான கழியின் நுனியில் கல் கட்டி அமுக்குவார்கள். கல் பத்தாத நாளில் அண்ணனும் தம்பியும் கழியில் தொங்குவார்களாம். "'நீ ஒருத்தனே போதும்டா குண்டா'ம்பான் அண்ணன். அந்தப் புளிச்ச வாசனை இன்னும் மூக்குலயே இருக்குங்க."

அப்படி அமுக்குகிற பருவத்தில்தான் டெய்ஜி வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போனார். அப்பா வாசலில் நின்றார். போகிறவர் தெரு மூலை திரும்பும்வரை நின்று வழியனுப்புவதும், போகிறவர் மூலையில் ஒருமுறை திரும்பித் தலை வணங்குவதும் இங்கே முன்பின் தெரியாதவர்கள்கூடச் செய்வது.

"நான் திரும்பிப் பாக்கல. அடுத்த வருஷமே அப்பா போயிட்டாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு சாவுக்கும் வரல."

வாய்க்காலோரம் இருந்த அந்த ஊறுகாய்க் கடையில், நரைத்த தலையும் ஏப்ரனுமாக அண்ணன் ஹிசாவோ நின்றிருந்தார். கடைக்காரச் சிரிப்போடு தேநீரும் ஒரு தட்டில் நறுக்கிய ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"டோக்கியோ."

"கியோட்டோ இதான் மொதத் தடவையா?"

"ஆமாங்க."

இந்த ஆளைக் கிள்ளினால் என்ன என்று சதாயோவுக்கு ஆத்திரமாக வந்தது.

ஹிசாவோ ஊறுகாயைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "இதுல சோயா சாஸ் ஊத்திராதீங்க. எங்க வீட்டுல ஒரு குண்டன் இருந்தான், கிண்ணம் கிண்ணமா ஊத்தி நாசம் பண்ணுவான்."

டெய்ஜி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இப்ப எங்க இருக்காரு?"

"யாருக்குத் தெரியும். பெரிய ஊருக்குப் போனவன்."

அவ்வளவுதான். மனசில் இருப்பதைச் சொல்லித் தொலைத்தால் இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன குறைந்துவிடுமோ தெரியவில்லை. ஹிசாவோ வாசல்வரை வந்து, எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதுபோல், "ரொம்ப நன்றிங்க" என்று வணங்கினார். டெய்ஜியின் முகம் செத்துப்போயிற்று.

வாய்க்காலை ஒட்டி நடந்தார்கள். பொட்டலத்தை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூலை வந்தது.

"திரும்புங்க" என்றாள் சதாயோ.

"அவன் உள்ள போயிருந்தா?"

"திரும்புங்கன்னு சொன்னேன்."

திரும்பினார். ஹிசாவோ வாசலிலேயே நின்றிருந்தார். டெய்ஜி இடுப்பு வளையக் குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை. அந்தக் குனிவில் பாதி அப்பாவுக்கு என்று சதாயோவுக்குத் தோன்றியது.

அப்போது அங்கிருந்து குரல் வந்தது. கடைக்காரக் குரல் இல்லை.

"போயிட்டு சீக்கிரம் வந்துருடா."

டெய்ஜி பதில் சொன்னார். முதல் தடவை சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. அதனால் மறுபடியும், தெருவே கேட்கும்படி, காலையிலிருந்து ஒளித்து வைத்திருந்த ஊர்ப்பேச்சில் சொன்னார்.

"போயிட்டு வரேண்ணா."

மாலையில் பொற்கோயில் பார்ப்பதாகத் திட்டம். சதாயோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.