யாக்கோப்பு கண்ட குறை

ஊர் முழுக்க ஒன்றை நல்லது என்று சொன்னால் யாக்கோப்புக்குச் சோறு இறங்காது. கோவில் திருநாளுக்கு மாதா சுருவம் சோடித்தால் மாலை ஒரு பக்கம் சரிவு என்பான். கலியாண வீட்டில் எல்லாரும் விரலைச் சூப்பிச் சாப்பிடும்போது அவன் மட்டும் மீன் ஆணத்தில் புளி கூட என்பான். அவனைக் கட்டப்போகிற செசீலியாவுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. எதிலும் குறை சொல்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

செசீலியாவின் முதல் புருஷன் பேர்னாட் வாவியில் மூழ்கிப் போனவன். யாக்கோப்பும் அவனும் ஒரே தோணியில் மீன் பிடித்த கூட்டாளிகள். சம்பவத்தன்று பேர்னாட் தனியாகத்தான் போனான், நான் வலை நூல் வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போயிருந்தேன் என்று யாக்கோப்பு ஊர் அதிகாரியான விதானையாரிடம் சொன்னான். பிணம் கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் ஒதுங்கியபோது தலையில் அடித்துக்கொண்டு அழுததும் அவன்தான். பிறகு அவளுடைய கூரைக்கு அவனே கிடுகு வேய்ந்தான், மீன் கொண்டுவந்து கொடுத்தான். பேர்னாட்டுக்கு முன்னாலேயே அவளைப் பெண் கேட்டு வந்தவன் என்பதால் ஊர் வாய் கொஞ்சம் அசைந்து, பிறகு ஓய்ந்தது. அவளுக்கும் அவன்மேல் மனம் இளகியிருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? தனியே இருந்து பார்த்தவளுக்குத்தான் தனிமை தெரியும்.

கோவிலில் இரண்டு ஞாயிறு இருவர் பெயரும் வாசித்தாயிற்று. நாளைக்கு மூன்றாவது தரம். அதற்கும் ஒருவரும் தடை சொல்லாவிட்டால் புதன்கிழமை தாலி.

அந்தச் சனிக்கிழமை பொழுதுபட, நாவற்குடாவில் அவளுடைய அக்கா பீற்றிஸ் வீட்டு வானொலியைச் சுற்றி எல்லாரும் கூடியிருந்தார்கள். கொலை ஒன்றைத் துப்பறியும் தொடர் நாடகம் அன்று முடிகிறது. கதை மட்டக்களப்பு வாவியிலே நடப்பதால் ஊரே அதில் கிறங்கிக் கிடந்தது. கலியாணச் சேலையைத் தன் தறியில் நெய்து கொண்டுவந்த காத்தான்குடிக் கச்சி முகம்மதுகூட, முடிவு தெரியாமல் எழும்பமாட்டேன் என்று சம்மணம் போட்டுவிட்டார்.

கடைசிக் கட்டத்தில் கொலைகாரன் தன் சிநேகிதனைத் தோணியிலிருந்து தள்ளினான். விழுந்தவன் “ஐயோ, காப்பாற்று!” என்று மூன்று நான்கு முறை கதறி மூழ்கினான். பீற்றிஸ் மூக்கைச் சிந்தினாள்.

“நெஞ்சு வெடிச்சுப் போச்சுகா,” என்றாள். “இதப்போல ஒரு நாடகம் இனி வராது.”

“என்னக்கா நீங்க,” என்றான் யாக்கோப்பு. “வாவியில அலை அடிக்கிற சத்தம் போடுறானுகள். நம்மட வாவி என்ன கடலா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

“மறுகா, தள்ளினவுடன ஆள் தாண்டு போறானாம். நீந்தத் தெரிஞ்சவன் தாழுவானா? திரும்பி வந்து தோணி விளிம்பப் பிடிப்பான். அந்த விரலுக்கு மேல தோணிக் கம்பால இடிக்கோணும். ஒரு இடியில விடமாட்டான். நாலும் நசியுமட்டும் இடிக்கோணும். அப்பயும் கத்தமாட்டான். வாய்க்குள்ள தண்ணி. சும்மா பாத்துக்கொண்டுதான் போவான்.”

“அல்லாவே!” என்று கச்சி முகம்மது தொடையில் தட்டினார். “பக்கத்தில நிண்டு பாத்த மாதிரியெல்லோ செல்றீங்க தம்பி! இந்த நாடகத்த நீங்க எழுதியிருக்கோணும்.”

மறுபடியும் சிரிப்பு. செசீலியா மட்டும் சிரிக்கவில்லை.

பேர்னாட்டின் பிணத்தை நாற்றம் தாங்காமல் எல்லாரும் எட்டி நிற்க, குளிப்பாட்டியவள் அவள் ஒருத்திதான். இடது கையின் நான்கு விரல்களும் நுனியில் நசிந்து கறுத்துக் கிடந்தன. நண்டு தின்றிருக்கும் என்று நினைத்தாள். நண்டு தின்ற கையோடு அவனை ஊர் பார்க்கக்கூடாது என்று, செபமாலையை அந்த விரல்கள் தெரியாதபடி சுற்றிச் சுற்றிக் கட்டினாள். பெட்டி மூடும்வரை அதை யாரும் அவிழ்க்கவில்லை. இறந்தவன் கையிலிருக்கும் செபமாலையை யார் தொடுவார்கள்? பெற்ற தாயிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

அவன் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவள் மாதாவை மன்றாடினாள். பிறகு, நாடகத்தைப் பற்றிக் கேட்பவள்போலக் கேட்டாள்.

“எந்தக் கையால பிடிப்பான்?”

“இடக்கை,” என்றான் யாக்கோப்பு யோசிக்காமல். “வலக்கையிலதான் வலை சிக்கியிருக்குமே.”

சொன்ன பிறகுதான் அவளைப் பார்த்தான். வானொலியில் விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. பீற்றிஸ் தேத்தண்ணி வைக்க எழும்பினாள். கச்சி முகம்மது சேலையை விரித்து, கரையில் போட்ட பூ வேலையைக் காட்டினார். செசீலியா அதைத் தொட்டுப் பார்த்து, நல்லாயிருக்கு என்றாள்.

அவளுடைய வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். வரும்போது அவன் தோணியில்தான் வந்திருந்தாள்.

“இருட்டுது. வா புள்ள, கொண்டு விடுறன்,” என்றான் யாக்கோப்பு. தோணிக் கம்பு ஏற்கெனவே கையில் இருந்தது.

“சட்டை தைக்கோணும். நான் இண்டைக்கு அக்காவோட நிக்கிறன்.”

“ஏன் இறுக்கிப் போர்த்திருக்காய்?”

“வாடைக் காத்து.”

“இந்த மாசத்தில வாடை ஏது?” என்றான் அவன் மெதுவாக. “சுடுற கச்சான் காத்துத்தானே வீசுது.”

அவள் ஊசி நூலை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். அவன் கம்பைத் தோளில் சாய்த்தான். பிறகு, “நாளைக்கு வெள்ளன வாறன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

செசீலியா யன்னலோரம் நின்று பார்த்தாள். அவனுடைய தோணி விளக்கு ஓடையைக் கடந்து போகவில்லை. கரைக்குக் கொஞ்சம் தள்ளி, வீட்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. அக்காவிடம் சொல்லலாம். சொன்னால் அக்கா அலறுவாள்; அந்த அலறல் அந்தத் தோணி விளக்குவரை கேட்கும். கச்சி முகம்மதுவும் போய்விட்டதால் வீட்டில் ஆம்பிளை இல்லை. அவள் கதவுக்கு அம்மியை நகர்த்தி வைத்துவிட்டு, பயத்தோடு படுத்தாள். அவன் கொண்டுவந்த மீனைத் தான் ஆக்கித் தின்ற நாட்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

பெயர் வாசிக்கிற பூசைக்குக் கலியாணப் பெண் போவதில்லை. வெட்கம் கெட்டவள் என்று பெயர் வரும். அதை நம்பித்தானோ என்னவோ, யாக்கோப்பு காலையில் அக்கா வீட்டுக்கு வந்து, அவள் உள்ளே தைக்கிறாள் என்று பீற்றிஸ் சொன்னதைக் கேட்டு, நேரே கோவிலுக்குப் போய் ஆண்கள் பக்கம் இரண்டாவது வாங்குப் பலகையில் இருந்தான். பிரசங்கம் முடிந்தபோது செசீலியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கக் கதவால் உள்ளே வந்தாள். பெண்கள் குசுகுசுத்தார்கள்.

சுவாமியார் இருவருடைய பெயரையும் வாசித்தார். “இது மூன்றாம் முறை. இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால் அறிவிக்கக் கடவார்கள்.” வழக்கம்போல யாரோ இருமினார்கள். அவர் தாளை மடித்தார்.

“சுவாமி, எனக்குத் தெரியும்.”

கோவில் முழுக்கத் திரும்பியது. செசீலியா முக்காட்டைப் பின்னே தள்ளினாள். 

“என்ட மனிசன்ட இடக்கை விரல் நாலும் நசிஞ்சு கிடந்தது. நான்தான் செபமாலையால மூடினன். ஒருத்தரிட்டயும் செல்லல்ல. நேத்து நாடகம் முடிய இவர் அத அப்பிடியே செல்லிட்டார். இவருக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேளுங்க.”

யாக்கோப்பு எழும்பினான். முன் வாங்கின் விளிம்பை இடக்கையால் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். உலகத்தில் எல்லாவற்றிலும் குறை கண்டவனுக்கு, அவள் சொன்னதில் ஒரு குறையும் சொல்ல வரவில்லை.