அட்டையில் செய்த இரும்புப் பெட்டகம்

படப்பிடிப்பின் ஏழாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு, அட்டையில் செய்த பெட்டகம் இரும்பாகிப்போனது. முந்தைய நாள் ஒற்றை ஆளாகத் தூக்கிவந்து வைத்த பொருள் அது. இப்போது அதன் அடியில் மூன்று தரை ஓடுகள் விரிசல் விட்டிருந்தன. நான்கு பேர் மூச்சுப்பிடித்துத் தள்ளியும் இம்மியளவு நகரவில்லை.

அதைச் செய்தவளை எல்லோரும் பெட்டியக்கா என்றே கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், மடிப்புப் பிரிவில், இருபத்திரண்டு வருட வேலை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் தம்பிக்குப் பன்னிரண்டு வயதிலேயே டைரக்டர் என்று பட்டப்பெயர் விழுந்திருந்தாலும், நாற்பதாவது வயதில்தான் படம் எடுக்கத் துணிந்தான். வங்கிக் கொள்ளைக் கதை. துப்பாக்கி கிடையாது, கார் துரத்தலும் கிடையாது, ஏனென்றால் கையில் இருந்த ஒரே வண்டியின் இரண்டு பக்கமும் பள்ளியின் பெயர் எழுதியிருந்தது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, மூன்று மணிக்கு மறுபடி ஏற்றப்போகும்வரை, மூடிக்கிடந்த ஒரு பல் மருத்துவமனையின் முன்னறையில் படம் வளர்ந்தது. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்பது பேச்சு.

பெட்டகம் திறக்கும் கைகாரனாக நடித்தவர் ஒரு முடிதிருத்துபவர்; விரல் பழக்கத்துக்காகவே அவரைப் பிடித்துப்போட்டிருந்தார்கள். ஜாம் புட்டி மூடியில் செய்த குமிழை அவர் திருப்பினால் டிக் டிக்கென்று சத்தம் வந்ததே தவிர, கதவு திறக்கவில்லை. மூன்று நாள் காதை வைத்துக் கேட்டுப்பார்த்துவிட்டு, "இது என் கைக்கு மசியாதுப்பா" என்று ஒதுங்கிக்கொண்டார். நிஜமான பூட்டுக்காரர் ஒருவரும் வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "பூட்டே இல்லாத கதவை நான் எப்படிங்க திறக்கிறது?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மாதத்தின் கடைசி நாளன்று டைரக்டர் அக்காவுக்கு போன் போட்டான். "நீ செஞ்சதுக்கா. நீ வந்தாதான் ஆகும்." அவள் மேற்பார்வையாளரிடம் அரைநாள் லீவு கேட்டாள். அவர் தலை நிமிராமல், "அட்டை மடிக்கிற கைக்கு சினிமாவா?" என்றார். இருபத்திரண்டு வருடங்களாக அவருக்கு எதிர்வார்த்தை சொல்லாதவள், "ஆமா சார், இந்தக் கைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள்.

உள்ளே வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. குமிழைத் தொடவும் இல்லை. எந்தப் பெட்டியானாலும் எந்த மடிப்பு எங்கே இளகும் என்று அவள் உள்ளங்கைக்குத் தெரியும். அந்தக் கையைக் குளிர்ந்த இரும்பின் மேல் வைத்து, விளிம்பு விளிம்பாக, நான்கு நிமிடம் தடவிக்கொண்டே போனாள். டைரக்டர் வாய்மேல் விரல் வைத்துக் கேமராவை ஓடவிட்டான். கீழ் இடது மூலையில் அவள் கை நின்றது. கட்டைவிரலால் ஒரு அழுத்து. கதவு தானாகத் திறந்தது. உள்பக்கம் இன்னமும் அட்டைதான். பசை வாசனை அடித்தது. ‘கவனம், உடையும் பொருள்’ என்ற எழுத்து தலைகீழாக இருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டைரக்டர் கதையையே மாற்றினான். முடிதிருத்துபவர் பெருந்தன்மையாகக் காவலாளி வேடத்துக்கு மாறினார். தொழிற்சாலை மேலங்கி போட்ட ஒரு பெண் வங்கிக்குள் நுழைகிறாள், திறக்கிறாள், சிரிக்கிறாள். அதோடு படம் முடிகிறது. பள்ளிக் கலையரங்கத்தில் திரையிட்டபோது அந்த நான்கு நிமிடமும் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. சிரிப்பைப் பார்த்தவர்கள், உள்ளே பெரிய புதையல் என்று நினைத்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு வந்திருந்த மேற்பார்வையாளர் பக்கத்து இருக்கைக்காரரிடம், "எங்க செக்‌ஷன்தாங்க" என்று மூன்று தடவை சொன்னார்.

பெட்டகத்தை எடுக்க முடியாததால் அது அந்த அறையிலேயே தங்கிவிட்டது. பிறகு அங்கே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்தவர், விலை உயர்ந்த பிரேம்களை அதற்குள் வைத்துக்கொள்கிறார். தினமும் வேலைக்குப் போகிற வழியில் பெட்டியக்கா உள்ளே வந்து, கதவில் கை வைத்துத் திறந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். வாடிக்கையாளர்களில் யாராவது, "படத்துல வந்தது நீங்கதானே?" என்று கேட்பதுண்டு.

"நானேதான்" என்பாள். ஷிப்டுக்கு நேரமாகியிருக்கும்.