ஒதுங்கிய சிவப்பு

அச்சகத்து மெஷின்காரரின் சிவப்பு, அவர் மனைவி இறந்த ஒன்பதாம் நாள் அவரை விட்டு இரண்டு அங்குலம் இடப்பக்கம் ஒதுங்கியது. உதட்டின் சிவப்பும் நகக்கண்ணின் சிவப்பும் சட்டைக் கோடுகளின் சிவப்பும் ஓர் ஆள் உயரத்தில் பக்கத்தில் நின்றன. மிச்சமிருந்தவர் பழைய ரசீதின் நிறத்தில் இருந்தார். சவரக்காரர் கை தவறிக் கீறியபோது ரத்தம் கன்னத்தில் வராமல் பக்கத்துக் காற்றில் துளிர்த்தது. சவரக்காரர் அந்தக் காற்றில் படிகாரம் தேய்த்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பச் சொன்னார். வலித்ததா என்று கேட்டதற்கு மெஷின்காரர் இல்லை என்றார். அது உண்மை.

வேலைக்குப் போகாத நாட்களில் அவர் ‘விளக்குக்காரி’யை முதலிலிருந்து திரும்பப் படித்தார். அறுபத்து நான்கு படக்கதை இதழ்கள். எல்லாம் அவர் ஓட்டிய மெஷினில் அச்சானவை. மை காயாத தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவரும் மனைவியும் தரையில் குப்புறப் படுத்துப் படித்திருக்கிறார்கள். அப்போது கதைக்காகப் படித்தார். இப்போது படங்களைப் பார்த்தார். ஓவியர் கடலை ஓர் இதழிலும் வரையவில்லை. தாளை வெறுமனே விட்டிருந்தார், படகின் அடிக்கோடு நின்ற இடத்தில் தண்ணீர் தொடங்கியது. கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ளும் விளக்குக்காரியோடு சுற்றும் சுங்க அதிகாரிக்குத் தண்ணீர் என்றால் பயம். கரையில் நிற்கும்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே நின்றான். அவர்கள் துரத்தும் கடத்தல்காரனுக்குத்தான் இருப்பதிலேயே இரக்கமான கண்கள். மனைவி அதை அன்றைக்கே சொல்லி, திருட்டுப்பயலுக்கு வக்காலத்தா என்று இவரிடம் கேலி வாங்கியிருந்தாள். முப்பத்தெட்டாம் இதழில் இவர் தவறால் நான்கு நிற அச்சுத் தகடுகளில் சிவப்புத் தகடு மட்டும் நகர்ந்து, விளக்குக்காரியின் மேலங்கிச் சிவப்பு முப்பத்திரண்டு பக்கமும் அவளுக்குப் பக்கத்தில் நடந்தது. முதலாளி கத்தினார். கதைக்குள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் ஏணி ஏறினாள், விளக்கைப் பழுதுபார்த்தாள், இறங்கினாள். படங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று மெஷின்காரருக்குத் தெரிந்தது. நன்றாக இருப்பதாக மனதில் படவில்லை.

இடைவெளி வாரத்துக்கு அரை அங்குலம் கூடியது. தூர ஊரில் வேலை பார்த்த மகள், அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போக வந்தாள். அவரை முழுசாகத்தான் அழைத்துப்போவது என்று இருந்தாள். அச்சகத்தில் அவரோடு முப்பது வருடம் வேலை பார்த்த, தகடு செய்து பொருத்தும் பிளேட்காரரை வரவழைத்தாள். அவர் பூதக்கண்ணாடியும் இரும்பு ஸ்கேலும் கொண்டுவந்து, மெஷின்காரர் உட்கார்ந்தும் படுத்தும் பதிந்துபோன நாற்காலியின் குழிவிலிருந்தும் மெத்தையின் பள்ளத்திலிருந்தும் அளந்தார். சிவப்பு இரண்டிலும் பிசகாமல் பொருந்தியது. மெஷின்காரர்தான் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“சிவப்பு ஒதுங்கலடா. அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. மத்த மூணு நிறமும்தான் தள்ளிப் போயிருக்கு.”

மெஷினாக இருந்தால் திருகைத் திருகலாம், இங்கே இவராகப் போய் அதில் நிற்க வேண்டியதுதான் என்றார் பிளேட்காரர்.

மெஷின்காரர் எழுந்து சிவப்புக்குள் போய் நின்றார். ஒரு பக்கம் புரட்டும் நேரம் நிறம் கூடி முழு ஆளாக இருந்தார். மனைவி இல்லை என்பது அங்கே இருந்தது. கடத்தல்காரனின் கண்களும் இருந்தன. அவரிடமிருந்து வந்த சத்தத்தை மகள் அதற்குமுன் கேட்டதில்லை. அவர் வலப்பக்கம் விலகிக்கொண்டார்.

“ஒரே தடவை அம்மாவுக்காக அழுதுடுங்கப்பா. அப்புறம் கிளம்பலாம்.”

“அதான் அது இருக்குல்லம்மா. அது அழுதுக்கும்.”

மகள் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். சிவப்பு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. வாரம் ஒரு முறை வந்து அடுத்த இதழை அதன் முன் விரித்துவைக்க பிளேட்காரர் ஒப்புக்கொண்டார். தனக்கும் பொழுது போக வேண்டுமே என்றார். இடைவெளி பதினோரு மணி நேர ரயில் பயணமானது.

மகளின் ஊரில் அவர் பேரனைப் பள்ளிக்கு விட்டார், காய்கறி வாங்கினார், நன்றாகத் தூங்கினார். இரண்டாம் வருடம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனார். கணினியில் படத்தைப் பார்த்த எழுத்தர், சிவப்பு எங்கே என்று கேட்டார்.

“வீட்டுல இருக்குங்க. படிச்சிட்டிருக்கு.”

எழுத்தர் ‘சிவப்பு நிரந்தர முகவரியில்’ என்று குறிப்புக் கட்டத்தில் எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.