கிளிஞ்சல் மூட்டையில் முருகைக்கல்

மல்லசமுத்திரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கோழித்தீவன ஆலையில் ஜெபமலர் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். வருகிற லோடுகளில் மாதிரி எடுத்துச் சோதிப்பது அவள் பொறுப்பு. மக்காச்சோளத்தில் ஈரம் இருக்கிறதா, கருவாட்டுத்தூளில் மணல் கலந்திருக்கிறதா என்று அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் மூட்டைகள் கிடங்குக்குள் போகும். முட்டை ஓடு கெட்டியாக இருப்பதற்காகத் தீவனத்தில் கிளிஞ்சலும் சேர்ப்பார்கள். அது தென்கடற்கரையிலிருந்து லாரியில் வரும்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளிஞ்சல் லோடு வந்தது. லாரியை ஓட்டி வந்தவன் அவள் புருஷன் சேவியர்ராஜ். மூட்டையைப் பிரித்துச் சல்லடையில் கொட்டியவள், உள்ளங்கை அளவு வெள்ளைக் கல் ஒன்றைக் கையில் எடுத்தாள். மேலெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள். இன்னும் சில மூட்டைகளைப் பிரித்தாள். பாதிக்கு மேல் அதே கல்தான்.

சேவியர்ராஜ் லாரி நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். வழக்கமாகச் சரக்கு ஏற்றும் இடத்தில் கிளிஞ்சல் இல்லையென்று புரோக்கர் வேறொரு கொட்டகைக்கு அனுப்பியதாகச் சொன்னான். கட்டி வைத்திருந்த மூட்டைகளை அப்படியே ஏற்றியிருக்கிறான். அது கடலுக்கடியில் வளரும் முருகைக்கல் என்றும், அதைத் தொட்டாலே வனத்துறை கேஸ் போடும் என்றும் ஜெபமலர் சொன்னாள். பவளப்பாறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவனுக்கும் நினைவிருந்தது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "மெசின்ல கொட்டுனா பத்து நிமிசத்துல மாவாயிரும். அப்புறம் எது கல்லு, எது கிளிஞ்சல்னு யாருக்குத் தெரியும்? லோடு சீட்டுல எம்பேருதான் இருக்குது, பாத்துக்க."

 ஜெபமலர் சல்லடை இருந்த இடத்துக்குத் திரும்பி, பிரித்த மூட்டைகளின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பிறந்தது தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடலோரக் கிராமத்தில். அப்பா சவரியார் மீன்பிடித்தது போக, மற்ற நாட்களில் கடப்பாரையோடு கடலில் இறங்கி முருகைக்கல் பெயர்த்தார். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். கல் வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்புச் சூளைக்குப் போயிற்று. அந்தக் கல்லின் பொந்துகளில்தான் கலவாயும் விளமீனும் சிங்கி இறாலும் இருந்தன. கல் குறையக் குறைய மீனும் குறைந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு கார்த்திகைப் புயலில் கடல் முதல் வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டு போனது. அந்த வரிசையில் மூன்றாவது வீடு அவர்களுடையது. அதற்குப் பிறகுதான் சேலத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். அப்பா கடைசிவரை தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். கல் எடுத்ததைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

ஜெபமலர் எழுந்து முதலாளியின் அறைக்குப் போனாள். தண்டாயுதபாணி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் சுண்ணாம்புச் சத்துத்தானம்மா. கோழிக்கு இது போதாதா?"

"கோழிக்குப் போதுமுங்கண்ணா. எங்கப்பாவும் இதைத்தான் வெட்டுனாரு. கடலுக்குள்ள இது நிக்கற வரைக்கும் அலை அங்கயே ஒடஞ்சுரும். வெட்டி முடிச்ச பொறவு அலை எங்க ஊட்டு வாசல்ல வந்து ஒடஞ்சுது. அந்தக் கரையில இன்னமும் சனங்க குடியிருக்காங்க."

அவர் சன்னல் வழியாக லாரியைப் பார்த்தார். "வண்டி ஓட்டியாந்தது உங்க ஊட்டுக்காரரு. ரோசனை பண்ணித்தான் சொல்றியா?"

"பண்ணிட்டுத்தானுங்க வந்தேன்."

 பின்னால் தெரியவந்தால் தன் ஆலையின் பெயர் கெடுமே என்ற கவலையும் தண்டாயுதபாணிக்கு இருந்தது. பிறகு அவரே வனத்துறைக்குப் போன் செய்தார்.

மறுநாள் அதிகாரிகள் வந்து மூட்டைகளுக்கு முத்திரை வைத்தார்கள். லாரி நாற்பது நாள் வனத்துறை வளாகத்தில் நின்றது. சேவியர்ராஜ் வாக்குமூலம் கொடுத்தான். அவன் பெயர் குற்றவாளிப் பட்டியலில் வரவில்லை, சாட்சிப் பட்டியலில் வந்தது. ஆனால் லாரி ஓனர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வீட்டில் அவன் ஜெபமலரோடு பேசுவதை நிறுத்தினான். அவள் சோறு போட்டால் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம், சரக்கு ஏற்றிய இடத்தை அடையாளம் காட்ட அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கொட்டகைக்குள் கல் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. புரோக்கரும் இன்னும் இருவரும் அன்றே கைதானார்கள்.

திரும்பி வந்தவன் கை கால் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"கொட்டாய்க்குப் பின்னால ஒரு தெரு இருக்குது, மலரு. சனங்க வாசல்ல மணல்மூட்டை அடுக்கி வெச்சிருக்காங்க. கடல் செவுத்தத் தொட்டுக்கிட்டுக் கெடக்குது. லோடு ஏத்துனன்னிக்கு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

அவள் செய்தது சரி என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்தாள்.

புரட்டாசியில் சேவியர்ராஜ் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரைவராகச் சேர்ந்து சத்தீஸ்கர் போனான். வர எட்டு மாதமாகும். ஆலைக்கு இப்போது கிளிஞ்சலுக்குப் பதிலாகச் சங்ககிரிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் குருணை வருகிறது. ஜெபமலர் அதையும் சல்லடையில் கொட்டிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புகிறாள்.